வாசகர் கேட்டவை: சேமிப்புக் கணக்கில் எவ்வளவு நிற்கலாம்?

2025 டிசம்பர் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை, இன்னொரு கால் சதவீதம் இறக்கி 5.25-க்குக் கொண்டுவந்த பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான், ஊர் மட்டும்தான் வேறு. சேமிப்புக் கணக்கு வட்டி கரைந்துகொண்டே போகிறதே, எந்த வங்கிக்கு மாறலாம் என்று கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் அச்சிட முடியாது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருக்கும்படி சிலவற்றைப் பொறுக்கியிருக்கிறேன்.

என் கணவர் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து போன வருடம் ஓய்வுபெற்றார். வயது 61. வந்த பணத்தில் கடனெல்லாம் அடைத்தது போக 14 லட்சம் ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கில் அப்படியே இருக்கிறது. 2.70 சதவீதம் இருந்த வட்டி இப்போது 2.50 ஆகிவிட்டது என்கிறார்கள். வேறு வங்கிக்கு மாற்றினால் கூடுதலாகக் கிடைக்குமா, ஐயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

கிடைக்கும் அம்மா, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதைவிட, நீங்கள் கவலைப்படுகிற இடம் சரியான இடம் இல்லை.

2.70-லிருந்து 2.50 ஆனதில் உங்கள் 14 லட்சத்துக்கு வருடத்தில் போனது 2,800 ரூபாய். பெரிய தனியார் வங்கிகளும் 2025 ஜூனில் அதே இரண்டரைக்கு வந்துவிட்டதால் அங்கே போய்ப் பயனில்லை. தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் இன்னும் 4 சதவீதம் தருகிறார்கள். மொத்தத்தையும் அங்கே மாற்றினாலும் 35,000 என்பது 56,000 ஆகும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இதே பணத்தில் 10 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் அந்தப் பத்து லட்சம் மட்டுமே வருடத்துக்கு 82,000 தரும். அதன் வட்டி 8.2 சதவீதம், 60 வயது ஆனவர்கள் 30 லட்சம் வரை போடலாம், தபால் நிலையத்திலும் பெரும்பாலான வங்கிக் கிளைகளிலும் தொடங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் கணக்கில் வந்து விழும்.

இதில் முக்கியமானது வட்டியின் அளவு மட்டும் இல்லை. நீங்கள் கணக்குத் தொடங்குகிற அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான் ஐந்து வருடத்துக்கும். நாளைக்கே அரசாங்கம் 8.2-ஐ ஏழரை ஆக்கினாலும் ஏற்கெனவே போட்டவர்களைத் தொடாது. சேமிப்புக் கணக்கு அப்படி இல்லை. வங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தால் திங்கட்கிழமை உங்கள் பணத்துக்குப் புது வட்டி. இதுபோன்ற சின்னச் சேமிப்புத் திட்டங்களின் வட்டியை நிதியமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். 2025 முழுக்க ரெப்போ ஒன்றேகால் சதவீதம் இறங்கியபோதும் இவற்றை அவர்கள் தொடவில்லை. இது எத்தனை நாளைக்கு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது, கொடுத்திருந்தால் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதன் பிறகு ஒரு சதவீதம் பிடிப்பு. அதனால் 14 லட்சத்தையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளை காதுகுத்து, வீட்டுக் கூரை ஒழுகல் என்று எதுவும் வரலாம். இரண்டு லட்சம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். மீதி இரண்டு லட்சத்தை அதே ஸ்டேட் வங்கியில் ஒரு வருட எஃப்.டி.யாக, ஒரே ரசீதாக இல்லாமல் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக நான்கு ரசீதாகப் போடுங்கள். ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றும் தப்பிக்கும். கணக்குப் போட்டால் மொத்த வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும், இப்போது வருவது 35,000. வங்கியை மாற்றவே இல்லை, பாருங்கள்.

அப்புறம், இந்த 14 லட்சம் எவ்வளவு நாளாகச் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததே நல்லது, எனக்கு வயிறு எரியும்.

ரெப்போவைக் குறைத்தால் கடன் வட்டி குறைய வேண்டும், சரி. என் சேமிப்புக் கணக்கு வட்டி ஏன் குறைய வேண்டும்? ரெப்போ ஏறியபோது என் வட்டி ஏறிய மாதிரி ஞாபகம் இல்லையே அண்ணே?
– மளிகைக் கடைக்காரர், மதுரை

ஞாபகம் சரிதான், ஏறவில்லை. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்குப் போனது. ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காலம் முழுக்க 2.70-லேயே நின்றது, பத்துக் கோடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 3 ஆக்கினார்கள். இறங்கும்போது மட்டும் எல்லா வங்கியும் ஒரே மூச்சில் இறங்குகின்றன.

இதற்குக் காரணம் வங்கியின் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து புதிதாகக் கொடுக்கிற மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை வெளியில் இருக்கிற ஓர் அளவுகோலோடு கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு கட்டின. ரெப்போ இறங்கினால் மூன்று மாதத்துக்குள் கடன்காரர் வட்டி தானாக இறங்கிவிடும், வங்கியின் வருமானம் குறையும். சரி, செலவைக் குறைக்கலாம் என்றால், ஏற்கெனவே ஏழேகாலுக்கு வாங்கிய எஃப்.டி.யின் வட்டியை முதிர்வு வரை தொட முடியாது. இன்றே, மொத்தமாக, யாரிடமும் கேட்காமல் குறைக்கக்கூடிய டெபாசிட் ஒன்றுதான் உண்டு. அது உங்கள் சேமிப்புக் கணக்கு. நீங்களும் இரண்டரை சதவீதத்துக்காக வங்கியை மாற்றிக்கொண்டு அலைய மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சுதந்திரம் வங்கிகளுக்கு எப்போதும் இருந்ததில்லை. 2003 மார்ச்சிலிருந்து 2011 மே வரை எல்லா வங்கிக்கும் ஒரே மூன்றரை சதவீதம், ரிசர்வ் வங்கி சொன்னதுதான். பிறகு ஆறு மாதம் போல 4 சதவீதம். 2011 அக்டோபர் 25 முதல் உங்கள் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். அப்போது வட்டிப் போட்டி வரும் என்றார்கள். சில தனியார் வங்கிகள் ஆறு, ஏழு என்று ஏறவும் செய்தன. பெரிய வங்கிகள் நாலிலேயே நின்று, பிறகு மெல்ல மெல்ல இறங்கி இங்கே வந்திருக்கின்றன.

ஒன்று மட்டும் உங்களுக்கு முன்பைவிட நல்லதாக மாறியது. 2010 ஏப்ரலுக்கு முன் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் கணக்கில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் வட்டி. நான் கவுன்ட்டரில் இருந்த காலத்தில் 10-ஆம் தேதி என்றால் காலையிலிருந்தே வரிசை நிற்கும். ஒரு பூக்கடை அம்மா முந்தானையில் முடிந்த பணத்தை எடுத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வருவார், கேஷ் நேரம் முடிந்துவிட்டது என்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. 28-ஆம் தேதி மருந்துக்கு எடுத்தால் அந்தப் பணத்துக்கு அந்த மாத வட்டி போச்சு. இப்போது ஒவ்வொரு நாளின் முடிவில் இருக்கிற இருப்புக்குத் தனித்தனியாகக் கணக்கு. உங்கள் கடை வசூலைக் கல்லாவில் வைத்து வாரம் ஒருமுறை கட்டுவதற்குப் பதில் அன்றன்றே கட்டினால் வருடக் கடைசியில் ஏதோ கொஞ்சம் தேறும். கொஞ்சம்தான், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அவசரத் தேவைக்கென்று 3 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு வங்கியின் விளம்பரத்தில் சேமிப்புக் கணக்குக்கு 7 சதவீதம் வரை வட்டி என்று போட்டிருக்கிறார்கள். மாறலாமா சார்? வரி எப்படி?
– கோயம்புத்தூர் வாசகர்

தம்பி, அந்த விளம்பரத்தில் 7 சதவீதத்தைப் பார்த்தீர்கள், 'வரை' என்ற சொல்லைப் பார்க்கவில்லை.

இப்படி விளம்பரம் செய்கிற சிறு நிதி வங்கிகளில் (ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க்) பெரும்பாலும் வட்டி படிப்படியாக இருக்கும். நான் ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன்: முதல் ஒரு லட்சம் வரை 3 சதவீதம், ஒரு லட்சத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை 5, அதற்கு மேல் 7. உங்கள் மூன்று லட்சத்துக்கு என்ன வரும்? முதல் லட்சத்துக்கு 3,000, அடுத்த இரண்டு லட்சத்துக்கு 10,000, ஆக 13,000. அதாவது நாலேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஏழு உங்கள் பக்கமே வரவில்லை. சில வங்கிகள் மொத்த இருப்புக்கும் மேல்படி வட்டியையே தரும், சில வங்கிகள் அந்தந்தப் படிக்கு மட்டும் தரும், இதைக் கேட்காமல் கணக்குத் தொடங்க வேண்டாம்.

இதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. வங்கி முழுகிவிட்டால் நம் பணத்துக்குக் கிடைக்கிற டெபாசிட் இன்சூரன்ஸ் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் வெறும் ஒரு லட்சம். எத்தனை கிளையில் வைத்தாலும், எஃப்.டி., சேமிப்பு, ஆர்.டி. என்று பிரித்தாலும், ஒரே பெயரில் ஒரே வங்கி என்றால் எல்லாம் கூட்டித்தான். மேலே நான் சொன்ன படிகளைத் திரும்பப் பாருங்கள், ஐந்து லட்சம் தாண்டினால்தான் ஏழு சதவீதம். இன்சூரன்ஸ் இல்லாத பணத்துக்குத்தான் நல்ல வட்டி! யோசித்துச் செய்தார்களோ தற்செயலோ, எனக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

இதனால் சிறு நிதி வங்கிகள் மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவையும் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்றவை, அதே 5 லட்சம் இன்சூரன்ஸ் அவற்றுக்கும் உண்டு, அதில் ஒன்றுக்குத் தலைமையகமே சென்னைதான். ஐந்து லட்சத்துக்குள் வைத்துக்கொண்டு கூடுதல் வட்டி வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் மாறி, புதுக் கணக்கு எண்ணை ஆபீஸில் கொடுத்து, தவணைகளையெல்லாம் மாற்றி முடிப்பதற்குள் அங்கேயும் வட்டியைக் குறைத்திருப்பார்கள். இறங்குமுகத்தில் அவர்களும் இறங்கத்தான் செய்கிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு லட்சத்தைச் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியிலேயே விடுவேன். இரண்டு லட்சத்தை அதே செயலியில் 50,000 வீதம் நான்கு எஃப்.டி. போட்டுவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றாலும் கைப்பேசியிலேயே உடைத்துவிடலாம். பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியில் பிடிப்பார்கள், வைத்திருந்த நாளுக்கான வட்டியில்தான் பிடிப்பு, அசலில் கை வைக்க மாட்டார்கள். எஃப்.டி. முதிரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் இப்போதே தேர்ந்துவிடுங்கள். தானாகப் புதுப்பி என்று விட்டால் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்கும். எதுவும் சொல்லாமல் விட்டு, பணம் முதிர்ந்த பிறகும் கேட்பாரற்றுக் கிடந்தால், 2021 ஜூலையில் வந்த விதிப்படி சேமிப்புக் கணக்கு வட்டியோ பழைய எஃப்.டி. வட்டியோ, இரண்டில் எது குறைவோ அதுதான்.

வரி கேட்டிருந்தீர்கள். பழைய வரி முறையில் இருந்தால் சேமிப்புக் கணக்கு வட்டியில் 10,000 ரூபாய் வரை கழிவு உண்டு, எஃப்.டி. வட்டிக்கு இல்லை. புதிய முறையில் இரண்டுக்குமே இல்லை.

எனக்கு மூன்று வங்கியில் கணக்கு. ஒன்று பழைய கம்பெனிச் சம்பளக் கணக்கு, ஒன்று கல்யாணத்துக்கு முன் அப்பா ஆரம்பித்தது, ஒன்று நகைக்கடனுக்காக. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அவ்வப்போது பிடிக்கிறார்கள். எதை வைத்துக்கொள்ள, எதை மூட?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

என் கதையையே சொல்கிறேன். வங்கியில் வேலை பார்த்தவன் என்று பெயர்தான். மகன் வெளியூரில் படித்தபோது அவனுக்காக ஒரு தனியார் வங்கியில் தொடங்கிய கணக்கை அப்படியே மறந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், இருந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் மினிமம் பேலன்ஸ் அபராதம், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., கார்டுக்கு வருடக் கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி., குறுஞ்செய்திக்குக் கட்டணம் என்று பிடித்துப் பிடித்து 112 ரூபாய் நின்றது. மூன்று வருடத்துக்கு அவர்கள் எனக்குக் கொடுத்த வட்டி முந்நூறைத் தாண்டவில்லை.

அதனால் சொல்கிறேன், சின்ன இருப்பு வைத்திருப்பவர்கள் வட்டி விகிதத்தைப் பார்க்கவே வேண்டாம், கட்டணப் பட்டியலைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு இரண்டரைக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் மாதம் 125 ரூபாய். ஒரு தடவை அபராதம் விழுந்தால் நாலைந்து மாத வித்தியாசம் போய்விடும்.

இந்த விஷயத்தில் 2025 நல்ல வருடம். ஸ்டேட் வங்கி 2020-லேயே மினிமம் பேலன்ஸை எடுத்துவிட்டது. 2025 ஜூனில் கனரா, ஜூலையில் இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல், பரோடா என்று வரிசையாக எடுத்தன. அதே வருடம் ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி பெருநகரப் புதுக் கணக்குகளுக்கு மாதச் சராசரி 50,000 என்று அறிவித்து, ஊரே திட்டிய பிறகு 15,000 ஆக்கியது. உங்களுக்கு நாகர்கோவிலில் எந்தப் பொதுத்துறை வங்கிக் கிளை நடந்து போகிற தூரமோ அதை வைத்துக்கொள்ளுங்கள், எரிவாயு மானியம், கைப்பேசிப் பணப் பரிமாற்றம் எல்லாம் அதற்கு மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் மூடுங்கள். நகைக்கடன் ஓடுகிறது என்றால் மட்டும் அது முடியட்டும்.

மூட முடியாத கணக்காக ஏதாவது இருந்தால் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். 'மாதச் சராசரி இருப்பு 10,000' என்றால் தினமும் பத்தாயிரம் இருக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நாள் முடிவு இருப்புகளைக் கூட்டி நாள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் ஒரே ஒரு நாள் 3 லட்சம் நின்றாலும் சராசரி பத்தாயிரம் வந்துவிடும், ஆறு நாள் 50,000 நின்றாலும் வந்துவிடும். சீட்டுப் பணம் வருகிற வாரத்தில் இதைச் செய்துகொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் கணக்கில் 'ஆட்டோ ஸ்வீப்' போட்டிருப்பதாகவும் சேமிப்புக் கணக்குக்கே எஃப்.டி. வட்டி வருவதாகவும் சொல்கிறார். உண்மையா?
– சேலம் வாசகர்

பாதி உண்மை. நீங்கள் சொல்கிற ஒரு தொகைக்கு மேல், வைத்துக்கொள்வோம் ஐம்பதாயிரம், கணக்கில் சேர்ந்தால் மிச்சத்தை வங்கி தானாகவே எஃப்.டி. ஆக்கிவிடும். நீங்கள் காசோலை கொடுத்தாலோ ஏ.டி.எம்.மில் எடுத்தாலோ பணம் போதாவிட்டால் அந்த எஃப்.டி.யைத் தேவையான அளவுக்கு உடைத்துக் கொடுக்கும். மாதம் முழுக்க ஒரு லட்சம் இரண்டு லட்சம் சும்மா கிடக்கிற ஆட்களுக்கு இது அருமையான ஏற்பாடு.

ஆனால் உங்கள் பணம் எவ்வளவு நாள் நிற்கிறதோ அந்த நாளுக்கான வட்டிதான் வரும், ஒரு வருட வட்டி வராது. ஏழு நாளுக்குள் உடைந்தால் பூஜ்யம், அதாவது சேமிப்புக் கணக்கில் சும்மா விட்டிருந்தால் கிடைக்கும் இரண்டரைகூட இல்லை! பணம் வந்து நாலு நாளில் பாதி போய்விடுகிற நெசவு வியாபாரக் கணக்குக்கு இதைப் போட்டு ஒருவர் என்னிடம் வந்து புலம்பினார். உங்கள் கணக்கின் கடைசி ஆறு மாத அறிக்கையை எடுத்து, எந்த மாதமும் இருப்பு எந்தத் தொகைக்குக் கீழே போகவில்லை என்று பாருங்கள். அந்தத் தொகையை நேரடியாகவே எஃப்.டி. போட்டுவிட்டால் ஸ்வீப்பே தேவைப்படாது.

எங்கள் ஊரில் ஒரு நிதி நிறுவனம் சேமிப்புக்கு 9 சதவீதம் தருகிறது. வங்கிகள் இப்படிக் குறைக்கும்போது இது பரவாயில்லையா?
– பெரம்பலூர் வாசகர்

நிதி நிறுவனம் வங்கி இல்லை. அங்கே போடும் பணத்துக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கும் கிடையாது, ஆனால் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டுப் பணம் போட்டுவிட்டுப் பூட்டிய கதவுக்கு முன் நின்ற கூட்டங்களைப் பார்த்தவர்கள்தானே நாம்.

சிங்கப்பூரில் வேலை. இங்குள்ள வங்கிகளும் சேமிப்புக் கணக்குக்குத் தந்த போனஸ் வட்டியைத் தொடர்ந்து குறைக்கின்றன. ஊருக்கு அனுப்பி என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான) சேமிப்புக் கணக்கில் வைக்கலாமா?
– சிராங்கூன் வாசகர்

என்.ஆர்.இ. சேமிப்புக் கணக்குக்கும் அதே இரண்டரைதான் தம்பி, உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதலாகத் தரக்கூடாது என்பது விதி. இந்தியாவில் அந்த வட்டிக்கு வரி இல்லை, அது ஒரு சௌகரியம். என்.ஆர்.இ. எஃப்.டி. குறைந்தது ஒரு வருடம், ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே இல்லை.

பணத்தை ஊரில்தான் செலவழிக்கப் போகிறீர்கள், வீடு கட்ட, அம்மாவுக்கு, என்றால் அனுப்பி எஃப்.டி. போடுங்கள். திரும்ப சிங்கப்பூருக்கே எடுத்துப் போகிற பணம் என்றால் வட்டியைப் பார்க்காதீர்கள், மாற்று விகிதத்தைப் பாருங்கள். 2024 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு 83 ரூபாய், 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. இந்த இறக்கத்தில் இரண்டு வருட வட்டியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

வீட்டுக் கடன் 22 லட்சம் பாக்கி. சேமிப்புக் கணக்கில் 4 லட்சம் இருக்கிறது. கூடுதல் வட்டி தரும் கணக்கு எது?
– திருநெல்வேலி வாசகர்

உங்கள் வீட்டுக் கடன்தான் அண்ணாச்சி. எட்டு சதவீதம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள், அதில் இரண்டு லட்சத்தை அடைத்தால் முதல் வருடமே 16,000 மிச்சம், அதுவும் வரி இல்லாத மிச்சம். அதே இரண்டு லட்சம் சேமிப்புக் கணக்கில் 5,000. மிதக்கும் வட்டி வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, கிளையில் யாராவது வேறு மாதிரி சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, 2019-க்கு முன் வாங்கிய கடன் என்றால் அது ரெப்போவோடு கட்டாத பழைய வகையாக இருக்கலாம். அப்படியானால் இந்த ஒன்றேகால் சதவீத இறக்கம் உங்களுக்கு முழுதாக வந்திருக்காது. கிளைக்குப் போய் மாற்றிக்கொடுங்கள் என்று கேளுங்கள், சிறு கட்டணம் வாங்குவார்கள், கொடுத்துவிடலாம். மாதத் தவணை குறையவில்லையே என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் தவணையை அப்படியே விட்டு மாதங்களைத்தான் குறைப்பார்கள். அதுதான் உங்களுக்கும் நல்லது.

அம்மாவுக்கு 83 வயது. பொதுத்துறை வங்கிச் சேமிப்புக் கணக்கில் 6 லட்சம் வைத்திருக்கிறார். எஃப்.டி. போடலாம் என்றால் "பாஸ்புக்குல தெரியற பணம்தான்டா என் பணம்" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?
– கும்பகோணம் வாசகர்

ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஐந்து லட்சத்தை எஃப்.டி. போட்டால் வருடத்துக்கு 20,000 ரூபாய் கூட வரும், மாதாமாதம் வட்டியை இதே பாஸ்புக்கில் விழ வைக்கலாம், அச்சடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். மாதா மாதம் புது வரி விழும் என்பது சில பேருக்குப் பிடித்துப்போகும், என் மாமியாருக்குப் பிடித்தது.

அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர் பணம். அதற்குப் பதிலாக வேறு ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கணக்கில் நாமினி யார் என்று பாருங்கள். அந்தத் தலைமுறைக் கணக்குகளில் அப்பா பெயரே இருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். நீங்கள் அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று தெரியவில்லை, எல்லாரையும் வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அதற்காக வங்கிக்குப் போகிற அன்றைக்கு பாஸ்புக்கையும் எடுத்துப் போங்கள், அச்சடித்து நாளாகியிருக்கும்.